ஒரு வீட்டுக்கு ஒரு ஈமெயில்

எங்கட பக்கத்தில ஒரு வீட்டுக்கு ஒரு குடும்ப அட்டை, ஒரு கிணறு, ஒரு படலை. அதால ஈமெயிலும் ஒண்டு காணும் எண்டுதான் நானும் மனுசனும் நினைச்சம். கிளிநொச்சியில கொமினிகேசன் கடை வச்சிருந்த பெடியன் "ஆற்ற பேரில திறக்கிறது?" எண்டு கேட்டான். "வீட்டுக்கு" எண்டன் நான். அவன் சிரிச்சான். "வீட்டுக்கெண்டு ஈமெயில் இல்லை அக்கா, ஆளுக்குத்தான்" எண்டான். "உனக்கேன் அந்தக் கதை, நீ திற" எண்டு ஏசினன். அவற்ற பேரில முதல் எழுத்து, என்ர பேரில முதல் எழுத்து, கலியாணம் முடிச்ச வருசம், அவ்வளவுதான் விலாசம். பாஸ்வேர்ட் எங்கட மாட்டின்ர பேர். தண்ணி இறைக்கிற மிசினுக்கு மானியம் குடுக்கினம், விண்ணப்பத்தில ஈமெயில் கேக்கினம் எண்டுதான் அதைத் திறந்தது. மானியம் வரேல்லை. ஈமெயில் மட்டும் மிஞ்சிச்சு.

பிறகு அவர் பிரான்சுக்குப் போனார். போன கதையைச் சொல்ல வெளிக்கிட்டா எனக்கு வயித்தெரிச்சல்தான் வரும், விடுங்கோ. மகள் அப்ப ரெண்டாம் வகுப்பு. இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயல், ரெண்டு மாடு, அவள், நான், இவ்வளவையும் விட்டிட்டுப் போன மனுசன், அங்க ஒரு போன் வாங்கினவுடன முதல் செய்த வேலை தனக்குத் தெரிஞ்ச ஒரே ஈமெயிலை அதில போட்டதுதான்.

அண்டைக்கு நான் குசினியில கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிக்கிறன். போனில ஒரு அறிவிப்பு வந்தது. புதுப் போன் ஒண்டில இருந்து ஆரோ உள்ளுக்கு வரப் பாக்கினமாம், பிரான்சில இருந்தாம், "இது நீங்களா?" எண்டு கேக்குது. எனக்கென்ன விசரே? நான் இஞ்ச கத்தரிக்காயோட நிக்கிறன், பிரான்சிலயே நிக்கிறன்? "இல்லை, இது நான் இல்லை" எண்டதை அமத்தினன். உண்மையைத்தானே சொன்னன். அதோட விடாமல் பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்லிச்சு. மாட்டின்ர பேரை எடுத்துப்போட்டுக் கண்டுக்குட்டியின்ர பேரைப் போட்டன். பின்னேரம் ஆற்றையோ போனில இருந்து அவர் எடுத்தார். "எடியே, சொந்தப் புருசனையே கள்ளன் எண்டு கலைச்சுப்போட்டியே" எண்டார். அவர் சிரிச்சுக் கேட்டது கன காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான். நானும் சேந்து சிரிச்சு, கண்டுக்குட்டியின்ர பேரைச் சொல்லிக் குடுத்தன். போனை வச்சுப்போட்டு அடுப்படியில குந்தியிருந்து அழுதன்.

அதுக்குப் பிறகு ரெண்டு போனும் ஒரு பூட்டுக்கு ரெண்டு திறப்பு மாதிரி. அவருக்கு வாறது எனக்கும் வரும், எனக்கு வாறது அவருக்கும் போகும். தேடிப் போகத் தேவையில்லை, தானா வந்து விழும். வாறதில முக்கால்வாசி அங்கத்தையக் கடை விளம்பரங்கள். கோழிக்கால் மலிவு, சீஸ் மலிவு, காலுக்குப் போடுற குளிர்ச் சப்பாத்து மலிவு. எனக்குப் பிரெஞ்சில ஒரு சொல் தெரியாது. ஆனா அந்தப் படங்களைப் பாத்தே அங்க எப்ப குளிர் துவங்குது, எப்ப வெயில் எறிக்குது எண்டு வாய்க்கால் கட்டில நிண்டு சொல்லுவன். பக்கத்து வயல் சனம் எனக்குக் கழண்டுபோச்செண்டு நினைச்சிருக்கும்.

வாசிக்காத மெயிலின்ர எழுத்து தடிச்சுக் கறுப்பா நிக்கும், ஆரும் திறந்தா மெலிஞ்சுபோகும். இதை நான் முதல் கவனிக்கேல்லை. ஒருநாள் வரம்பில இருந்து பத்து மணித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போனைப் பாக்கிறன், நான் தொடாமலே ஒரு கோழிக்கால் மெயில் மெலியுது. பிறகு அடுத்தது. பிறகு சப்பாத்து. முந்தி கலைச்ச கள்ளன் இப்ப உண்மையாவே வந்திட்டான் எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு. அது அவர். அங்க விடியக்காலமை. வேலைக்குப் போற ரயிலுக்குப் பாத்துக்கொண்டு நிண்டு ஒவ்வொண்டாத் திறந்து வாசிக்கிறார்.

மனுசன் எப்பவும் அப்பிடித்தான். வடை சுத்தின பேப்பரையும் விரிச்சு முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் எறிவார். வடை ஆறிப்போனாலும் பரவாயில்லை.

அண்டையில இருந்து நான் விளம்பரங்களைத் தொடுறதில்லை. அதுகள் அவருக்கு. மகளின்ர பள்ளிக்கூட மெயிலை மட்டும் காலமை எழும்பினவுடன நான் திறப்பன். பத்து மணிக்கு வரம்பில இருப்பன், போனைப் பொலித்தீன் பையால எடுப்பன், தேத்தண்ணிப் போத்தலைத் திறப்பன். அவர் அங்க வாசிக்க நான் இஞ்ச குடிப்பன். கதை இல்லை, பேச்சு இல்லை. ஒவ்வொரு வரியா மெலியிறதைப் பாத்துக்கொண்டிருந்தா, மனுசன் பக்கத்தில இருந்து பேப்பர் பிரட்டுற மாதிரி இருக்கும். எனக்கு அது காணுமாயிருந்தது எண்டு சொன்னா பொய். காணாது. ஆனா அதுவும் இல்லாட்டி நான் என்ன செய்யிறது?

போன் எடுக்கிறவர்தான். ஒரு அறையில நாலைஞ்சு பேர் இருக்கிற இடத்தில நிண்டு மனுசன் என்னத்தைக் கதைக்கும்? "சாப்பிட்டியா? மழையோ? பிள்ளை படிக்கிறாளோ?" அவ்வளவுதான். பக்கத்தில இருந்த காலத்திலயும் வாயைத் திறக்காத ஆள். நான் பறைவன், அவர் ம் கொட்டுவார், அதுதான் எங்கட குடும்பம். ஆனா கண்ணுக்கு முன்னால இருந்து ம் கொட்டுறது வேற, காதுக்குள்ள ம் கொட்டுறது வேற. இதை எனக்கு ஆரும் முதலே சொல்லித் தரேல்லை.

ஒருநாள் அவர் இருந்தாப்போல கேட்டார், "நேத்து ஏன் பிந்தி எழும்பினனீ? சுகமில்லையோ?" எனக்குக் காய்ச்சல் எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லை. "எப்பிடித் தெரியும்?" எண்டன். "பள்ளிக்கூட மெயில் மத்தியானம் வரைக்கும் தடிச்சபடி கிடந்தது" எண்டார். நான் இஞ்ச இருந்து அவரைப் பாக்க, அவரும் அங்க இருந்து என்னைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கல்லுக்குள்ள ஈரம் எண்டு சும்மாவே சொன்னவை.

இதுக்குள்ள மகள் வளந்திட்டாள். இப்ப ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். வகுப்பு மெயில் வாறதுக்கெண்டு தன்ர டப் எண்ட அந்தப் பலகைப் போனிலயும் அதே ஈமெயிலைத்தான் போட்டு வச்சிருக்கிறாள். மூண்டாவது திறப்பு. டப்புக்கெண்டு தனி டேற்றா இல்லை, நான் வீட்டை நிண்டா என்ர போனில இருந்து இழுப்பாள். அதால எங்கட வீட்டில சண்டை எண்டு ஒண்டு வந்தா அது டேற்றாவாலதான் வரும்.

ஒருமுறை என்ர போனை எடுத்து, தானா மெயில் வாறதை நிப்பாட்டிப்போட்டாள். எனக்குச் சொல்லேல்லை. அடுத்தநாள் பத்து மணிக்குப் பாக்கிறன், ஒண்டும் மெலியேல்லை. மற்றநாளும் இல்லை. அவருக்கு என்னவோ நடந்திட்டுது, ஆஸ்பத்திரியில கிடக்கிறாரோ, பொலிசில பிடிபட்டிட்டாரோ எண்டு மண்வெட்டியை வரம்பில போட்டிட்டு வீட்டை ஓடி வந்தா, இவள் ஆறுதலாச் சொல்லுறாள்.

"நான்தான் நிப்பாட்டினனான் அம்மா. டேற்றா எல்லாத்தையும் அந்தக் கோழிக்கால் தின்னுது. என்ர ரியூசன் அரைவாசியில நிக்குது. வேணுமெண்டா நீங்கள் கையால இழுத்துப் பாருங்கோவன்."

"கையால இழுக்கிறதும் தானா வாறதும் ஒண்டே?" எண்டு கத்தினன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உன்னை ஆர் அதில கை வைக்கச் சொன்னது?"

அவளுக்கு விளங்கேல்லை. நானா இழுத்துப் பாத்தா அது நான் அவரைத் தேடிப் போனது. தானா மெலிஞ்சாத்தான் அது அவர் வந்தது. இதைப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாக் கிடந்தது. கடைசியில ஒரு சமாதானத்துக்கு வந்தம். போனில மற்றது எல்லாத்தையும் நிப்பாட்டினம், படம், வீடியோ, காலநிலை, பஞ்சாங்கம், ஒண்டும் தானா வரக்கூடாது. மெயில் மட்டும் வரும். அதுக்குப் பிறகு போன் தன்ர பாட்டில ஒரு கரைச்சல் துவங்கிச்சு. இந்த மெயில் பற்றறியைக் குடிக்குது, நிப்பாட்டவோ, நிப்பாட்டவோ எண்டு கிழமைக்கு ஒருக்கா கேக்கும். வேண்டாம் எண்டு அமத்துவன். எங்கட குடும்ப விசயத்தில இதுக்கென்ன வேலை எண்டு அதையும் ஏசியிருக்கிறன்.

அங்க இருக்க அனுமதி கிடைச்ச பிறகு அவர் எங்களைக் கூப்பிடக் கேஸ் போட்டார். அதைப் பாக்கிறது ஒரு பெம்பிளை லோயர். பிள்ளைக்குப் பதினெட்டு முடிய முதல் வந்திடவேணும், முடிஞ்சா அவள் இந்தக் கேஸில வரமாட்டாள். அதோட, குடும்பத்தைக் கூப்பிடுறதெண்டா இருக்கிற வீடு இவ்வளவு பெரிசா இருக்கவேணும் எண்டு அங்க ஒரு சட்டமாம். அதுக்காக அந்த நாலைஞ்சு பேரோட இருந்த அறையை விட்டிட்டு, நகரத்துக்கு வெளியில தூரமா ஒரு வீடு எடுத்தார். முடிவு வந்தா லோயர்தான் மெயில் போடுவா. பிரெஞ்சு எழுத்தில எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே பேர் அவாவின்ர பேர்தான்.

மகள் வீடியோ பாத்துப் பாத்துப் பிரெஞ்சு படிக்கத் துவங்கினாள். கோழிக்குத் தீன் போடேக்கயும் அதுகளுக்குப் பொன்சூர் எண்டு வணக்கம் சொல்லுவாள். கோழிகளும் கெட்டித்தனமாத்தான் கேட்டுக்கொண்டு நிக்கும்.

எனக்குப் பிரான்சுக் கோபுரமும் வேண்டாம், குளிர்ச் சப்பாத்தும் வேண்டாம். அவர் வேலையால வந்து சேட்டைக் கழட்டிக் கண்ட இடத்தில எறியவேணும், நான் ஏசவேணும். இவ்வளவு வருசமா அவரை ஏசாமல் என்ர வாய் துருப்பிடிச்சுப் போச்சு. மகளை ஏசிறது வேற, அவரை ஏசிறது வேற. அவர் நித்திரை கொள்ளேக்க மூச்சு விடுற சத்தம் எப்பிடி எண்டு நினைச்சுப் பாத்தா இப்ப எனக்கு ஞாபகம் வருகுதில்லை. அதுதான் எனக்கு எல்லாத்திலயும் பெரிய பயம். "பொறுத்தார் பூமி ஆள்வார்" எண்டு அவர் போனில சொல்லுவார். பூமி ஆருக்கு வேணும், எனக்கு நீங்கள் காணும் எண்டு வாய் வரைக்கும் வரும். சொன்னதில்லை. "ஓம், ஆளுங்கோ ஆளுங்கோ" எண்டுபோட்டு வச்சிடுவன்.

போன மார்கழியில ஒருநாள், வயலுக்குள்ள புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிக்கேக்க, மத்தியானம் திரும்பின பிறகு போன் சத்தம் போட்டுது. சேத்துக்கையைச் சட்டையில துடைச்சுப்போட்டுப் பாத்தன். லோயற்ற பேர். தடிச்சுக் கறுப்பா நிண்டது.

திறக்கக்கூடாது எண்டு தெரியும். திறந்தா மெலிஞ்சுபோகும், நான் முந்திப் பாத்தது அவருக்குத் தெரிஞ்சுபோகும். ஆனா கை கேக்குமே? திறந்தன். தமிழில மாத்து எண்டதை அமத்தினன். "தங்கள் குடும்ப இணைவுக் கோரிக்கைக்குச் சாதகமான முடிவு எட்டப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன். தங்குமிடத்தின் பரப்பளவு போதுமானதாக இல்லை. மேன்முறையீடு செய்ய விரும்பின் தாமதியாது என்னைத் தொடர்புகொள்ளவும்." இவ்வளவு வடிவான தமிழில எனக்கு ஆரும் கெட்ட சேதி சொன்னதில்லை. ரெண்டு தரம் வாசிச்சன். பரப்பளவு காணாதாம். சண்டைக் காலத்தில ஒரு தறப்பாளுக்குக் கீழ எத்தினை குடும்பம் படுத்து எழும்பின ஆக்கள் நாங்கள். எங்களுக்கு இடம் காணாதாம்.

மெயிலை அமத்திப் பிடிச்சா, வாசிக்காத மாதிரித் திரும்ப மாத்தலாம். மகள் ஒருக்காக் காட்டினவள். அப்பிடிச் செய்தன். எழுத்துத் திரும்பத் தடிச்சுது. அவர் தானாப் பாக்கட்டும். மனுசி எனக்கு முதலே அறிஞ்சு வயலுக்குள்ள தனிய நிண்டு அழுதிருக்கிறாள் எண்ட கவலையும் அவருக்கு வேண்டாம்.

பின்னேரம் மாட்டைக் கட்டிப்போட்டு வந்து பாத்தா, மெயில் இல்லை. மெலியேல்லை, அடியோட இல்லை. அவர் பாத்திட்டு அழிச்சுப்போட்டார் எண்டு விளங்கிச்சு. கொஞ்சத்தால அவர் எடுத்தார். மழையோ எண்டு கேட்டார். பிள்ளையைக் கேட்டார். "லோயரிட்ட இருந்து ஏதும் வந்ததோ?" எண்டு நான் கேட்டன்.

"ஒண்டும் வரேல்லை. வரும்தானே. பொறுத்தார்..."

"ஓம், ஆளுங்கோ" எண்டன்.

எவ்வளவு வடிவாப் பொய் சொல்லுறார் எண்டு நினைச்சன். கோவமும் வந்தது, பாவமாயும் கிடந்தது. அடுத்தநாள் பத்து மணிக்கு விளம்பரங்கள் வழக்கம்போல ஒவ்வொண்டா மெலிஞ்சுது. அது எனக்கு இன்னும் கொதியைக் கிளப்பிச்சு. தலையில இடி விழுந்திருக்கு, மனுசன் நிண்டு கோழிக்கால் பாக்கிறாரே. என்னட்டச் சொல்லி அழக்கூட நான் அவருக்கு ஆளில்லையோ எண்டு வரம்பில இருந்து மனசுக்குள்ள ஏசினன்.

அண்டு முழுக்க மகள் பிரெஞ்சு வீடியோ பாக்கேல்லை. பள்ளிக்கூட லீவு, சும்மா சுருண்டு கிடந்தாள். கோழிக்குத் தீன் போடேக்கயும் வாய் திறக்கேல்லை. "ஏன் பிள்ளை, பொன்சூர் எங்க போட்டுது?" எண்டு பகிடியாக் கேட்டன். உடன அவளுக்குக் கண் நிறைஞ்சிட்டுது.

"நான்தான் அழிச்சனான் அம்மா."

"என்னத்தை?"

"லோயற்ற மெயிலை. நேத்துப் பின்னேரம் டப்பில கண்டனான். எங்களுக்கு இல்லையெண்டு எழுதியிருந்தது. நீங்கள் பாத்தா தாங்கமாட்டியள் எண்டு அழிச்சுப்போட்டன்."

"அப்ப அப்பா பாக்கேல்லையோ?"

"பாத்திருக்க மாட்டார். அவர் வேலை முடிஞ்சு போனை எடுக்க முதலே அழிச்சிட்டன்."

அவர் பொய் சொல்லேல்லை. அந்த மனுசன் ஒண்டும் அறியாமல், நாங்கள் வருவம் எண்டு நினைச்சுக்கொண்டு அங்க ரயிலுக்கு நிக்குது. லோயர் தாமதிக்காமல் கதைக்கச் சொல்லுறா, அது அவற்ற கண்ணிலயே படேல்லை. ஏசத்தான் வாயைத் திறந்தன். ஆனா பிள்ளையைப் பிடிச்சு அணைச்சுக்கொண்டு நிண்டன். "நானும் பாத்தனான் பிள்ளை" எண்டன்.

அழிச்ச மெயில்கள் கொஞ்ச நாளைக்குக் குப்பைப் பெட்டி எண்டு ஒண்டுக்குள்ள கிடக்குமாம். அவள் அதுக்குள்ள போய் எடுத்துத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து வச்சு, வாசிக்காத மாதிரித் தடிச்ச எழுத்தாக்கினாள். "போன் எடுத்துச் சொல்லுவமே அம்மா?" எண்டாள். எடுத்தன். மணி அடிக்க முதலே வச்சிட்டன். என்ர வாய்க்கு ஊரே பயம், அண்டைக்கு அந்த வாய் என்னைக் கைவிட்டிட்டுது.

அடுத்தநாள் காலமை அவளும் என்னோட வயலுக்கு வந்தாள். ரெண்டு பேரும் வரம்பில இருந்தம், நடுவில போன். பழைய விளம்பரங்கள் எல்லாம் மெலிஞ்சு கிடக்க, அதுகளுக்கு நடுவில லோயற்ற பேர் தனியத் தடிச்சு நிண்டது. மேல புதுசா வந்த ஒரு சப்பாத்து மெலிஞ்சுது. பிறகு கோழிக்கால். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. திறக்காதேங்கோ, இன்னும் ஒரு நிமிசம் தெரியாமல் இருங்கோ எண்டு கத்தவேணும் போல எனக்குக் கிடந்தது.

மெலிஞ்சுது. மகள் என்ர கையைப் பிடிச்சாள்.

கொஞ்ச நேரத்தால அந்த எழுத்துத் திரும்பத் தடிச்சுது. நாங்கள் ரெண்டு பேரும் தொடேல்லை. நான் வயலுக்குள்ள நிண்டு செய்த அதே வேலையை அவரும் அங்க நிண்டு செய்திருக்கிறார். உடன போன் அடிச்சுது. அவர் அந்த நேரத்தில எடுக்கிறதே இல்லை.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"மழையோ?"

"இல்லை, வெயில்."

"லோயற்ற மெயில் ஒண்டு வந்து கிடக்கு. நான் இன்னும் பாக்கேல்லை. நீ திறந்துபோடாத, பிரெஞ்சில கிடக்கு, உனக்கு விளங்காது. பின்னேரம் நான் ஆறுதலாப் பாத்துச் சொல்லுறன்."

குரல் ஒழுங்காத்தான் இருந்தது. மூக்குத்தான் அடைச்சிருந்தது.

"பொய் சொல்லாதேங்கோ" எண்டன். "நானும் பாத்தனான், பிள்ளையும் பாத்தவள். ஆளுக்காள் ஒளிச்சது காணும். அழுறதெண்டா இப்ப அழுங்கோ, நான் போனை வைக்கமாட்டன். அழுதுபோட்டு, விடிஞ்சவுடன லோயருக்கு எடுங்கோ."

அவர் அழுதார். கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் கேட்டிராத சத்தம். ரயில் வந்து நிண்டதும், ஆரோ பிரெஞ்சில என்னவோ அறிவிச்சதும், கதவு பூட்டினதும், ரயில் வெளிக்கிட்டதும் எனக்குக் கேட்டுது. அவர் ஏறேல்லை. நான் வரம்பில இருந்து போனைக் காதில வச்சபடி இருந்தன். அடுத்த ரயிலையும் அவர் விட்டிட்டார்.